டி.எஸ்.ஹெச் 6.8-லிருந்து 3.1-க்கு வந்தாச்சு, எடை மட்டும் இறங்கவில்லை. தைராய்டுதான் காரணமா?

தூறல்:

வணக்கம் எல்லோருக்கும். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுமையாகப் படித்துப் பதில் சொன்னால் நன்றியாக இருக்கும்.

வயது 39, பெண். உயரம் 158 செ.மீ, எடை 78 கிலோ. போன வருடம் அசதி, மலச்சிக்கல், முடி கொட்டுவது எல்லாம் சேர்ந்து வந்ததால் ரத்தப் பரிசோதனை செய்தேன், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.ஹெச் 6.8 என்று கூடுதலாக வந்தது, தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 நார்மல். சில மாதம் விட்டு மறுபடி பார்த்தபோதும் ஏறக்குறைய அதே அளவுதான். "லேசான குறைபாடு, பயப்பட ஒன்றுமில்லை" என்று சொல்லி டாக்டர் 25 மைக்ரோகிராம் தைராக்ஸின் மாத்திரை ஆரம்பித்தார். இப்போது டி.எஸ்.ஹெச் 3.1. அசதி கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது, உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

எடைதான் பிரச்சினை. சாப்பாட்டைக் குறைத்துவிட்டேன், இனிப்பு கிட்டத்தட்ட இல்லை, தினமும் நடக்கிறேன். ஆரம்பத்தில் 2 கிலோ இறங்கியது, அதோடு நின்றுவிட்டது. டாக்டரிடம் சொன்னால் "தைராய்டு இப்போது சரியாகத்தானே இருக்கிறது, வாயைக் கட்டுங்கள்" என்கிறார். இணையத்தில் பார்த்தால் தைராய்டு வந்துவிட்டால் எடை குறையவே குறையாது என்கிறார்கள். டாக்டர் சொல்வதைக் கேட்டால் நான் பொய் சொல்கிறேன் என்று ஆகிறது, இணையம் சொல்வதைக் கேட்டால் எனக்கு வழியே இல்லை என்று ஆகிறது. உண்மை எங்கேயோ நடுவில் இருக்க வேண்டும் இல்லையா?

டோஸைக் கூட்டினால் எடை இறங்குமா, முட்டைக்கோஸ், சோயா, கோதுமை எல்லாம் நிறுத்த வேண்டுமா, இதே நிலையில் இருந்து நிஜமாகவே குறைத்தவர்கள் என்ன செய்தீர்கள், இவைதான் என் கேள்விகள். "மனதைத் திடமாக வைத்துக்கொள்ளுங்கள்" வகைப் பதில்கள் தயவுசெய்து வேண்டாம், அதை நிறையக் கேட்டுவிட்டேன்.

---

மருந்துக்கடைக்காரன்:

நான் டாக்டர் இல்லை, மருந்துக்கடையில் வேலை. அதனால் மாத்திரை பற்றி மட்டும் முதலில் சொல்கிறேன், ஏனென்றால் 3.1 என்ற எண்ணை நம்புவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

தைராக்ஸினை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போட வேண்டும், சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் முன்னால். காபி கூட அந்த இடைவெளிக்கு அப்புறம்தான், காபியோடு போட்டால் உடம்பில் சேரும் அளவு குறைகிறது. இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குப் போடும் ஆன்டாசிட் இவற்றுக்கும் தைராக்ஸினுக்கும் நடுவில் 4 மணி நேரமாவது இருக்க வேண்டும். காலையில் இது ஒத்துவராதவர்கள் ராத்திரி படுக்கும்போது, கடைசியாகச் சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் போடலாம், அதுவும் நன்றாகவே வேலை செய்யும். டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்த மருந்து பாதியாகக் குறையவே உடம்பில் சுமார் 7 நாள் ஆகும். அதனால்தான் டோஸ் மாற்றி 6 முதல் 8 வாரம் கழித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். இரண்டு வாரத்திலேயே பார்த்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டுகிறவர்களைக் கடையில் அடிக்கடி பார்க்கிறேன்.

அப்புறம் டி.எஸ்.ஹெச் நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. இரவிலும் விடிகாலையிலும் கூடும், மதியத்துக்கு மேல் குறையும். ஒரு தடவை காலை 7 மணிக்கும் அடுத்த தடவை மாலை 4 மணிக்கும் ரத்தம் கொடுத்துவிட்டு இரண்டையும் ஒப்பிடாதீர்கள்.

ஒரு கேள்வி. முடி கொட்டுகிறது என்கிறீர்களே, அதற்காக பயோட்டின் என்ற வைட்டமின் ஏதாவது சாப்பிடுகிறீர்களா? பல ஆய்வகங்கள் பயன்படுத்தும் பரிசோதனை முறையில் அதிக அளவு பயோட்டின் குறுக்கிடும், டி.எஸ்.ஹெச் உண்மையைவிடக் குறைவாகவும் டி4 கூடுதலாகவும் காட்டும். சோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்னால் நிறுத்த வேண்டும்.

---

பொறுமைசாலி:

தூறல், எனக்கு ஹஷிமோட்டோ, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய். பல வருடமாக மாத்திரையில் இருக்கிறேன், உங்களைவிடக் குறைபாடு அதிகம். "உண்மை நடுவில் இருக்க வேண்டும்" என்று எழுதியிருந்தீர்களே, அங்கேதான் இருக்கிறது.

தைராய்டு குறைந்தால் எடை ஏறும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு என்று யாரும் சொல்வதில்லை. நன்றாகவே குறைந்தவர்களுக்குக்கூட அதனால் மட்டும் ஏறுவது பெரும்பாலும் 2 முதல் 5 கிலோ வரைதான், அதிலும் பெரும்பங்கு கொழுப்பு கிடையாது, உடம்பு பிடித்து வைக்கும் உப்பும் தண்ணீரும். மாத்திரை சரியாக வேலை செய்ய ஆரம்பித்ததும் அந்தத் தண்ணீர் வெளியேறும், உங்களுக்கு ஆரம்பத்தில் இறங்கிய 2 கிலோவில் ஒரு பங்கு அதுவாக இருக்கலாம். இது நன்றாகக் குறைந்தவர்களின் கணக்கு. டி4 நார்மலாக இருந்து டி.எஸ்.ஹெச் மட்டும் 10-க்குக் கீழே லேசாக ஏறியவர்களுக்குத் தைராய்டு கொடுத்த எடை இன்னும் குறைவாகவே இருக்கும். 6.8 உங்கள் உடம்பில் 15 கிலோவை ஏற்றியிருக்க முடியாது. இதைச் சொல்வதால் உங்கள் கஷ்டம் பொய் என்று ஆகிவிடாது, இதற்குத்தான் வருகிறேன்.

பலர் கேள்விப்படாத ஒன்று, எடை கூடினாலே டி.எஸ்.ஹெச் லேசாக ஏறும். கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் மூளையைத் தூண்டுகிறது, மூளை டி.எஸ்.ஹெச்-ஐக் கூட்டுகிறது. எடை இறங்கினால் பலருக்கு அந்த எண் மாத்திரை இல்லாமலே கீழே வருகிறது. அதனால் 6-ஐ ஒட்டிய டி.எஸ்.ஹெச்-ஐப் பார்த்து "இதனால்தான் எடை" என்று சொல்லிவிட முடியாது, எடையால் எண் ஏறியதாகவும் இருக்கலாம். எது எது என்று ஓரளவு பிரித்துக் காட்டுவது ஆன்டி டி.பி.ஓ பரிசோதனை, தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. எதிர்ப்பொருள் இருந்தால் சுரப்பியே மெல்ல மெல்லச் சேதமாகிறது என்று அர்த்தம். அது எடுத்தீர்களா?

இப்போது "வாயைக் கட்டுங்கள்" விஷயம். 1992-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள். எவ்வளவு குறைவாகச் சாப்பிட்டாலும் இறங்கவில்லை என்று சொன்னவர்களை எடுத்து, உடம்பு செலவழிக்கும் சக்தியைத் துல்லியமாக அளந்தார்கள். வளர்சிதை மாற்றம் எல்லோருக்கும் இயல்பாகவே இருந்தது. ஆனால் சாப்பிட்டதாக அவர்கள் எழுதி வைத்தது நிஜத்தைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைவு, உடற்பயிற்சியை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். இதை எடுத்து நோயாளியின் முகத்தில் அடிக்கிறவர்கள் உண்டு, எனக்கு அதில் கோபம்தான் வரும். அவர்கள் யாரும் ஏமாற்றவில்லை. சமைக்கும்போது ருசி பார்ப்பது, தாளிக்கும் எண்ணெய், தட்டில் மிச்சம் வைக்க மனமில்லாமல் எடுத்துப் போடுவது, இவை கண்ணுக்குச் சாப்பாடாகவே தெரிவதில்லை. ஒரு மேஜைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது. அதில் மூன்று கரண்டி கண்ணில் படாமல் போனால் உங்கள் மாலை நடை மொத்தமும் கரைந்துவிட்டது. எண்ணெயை ஊற்றாமல் கரண்டியால் அளந்து எடுங்கள், இரண்டு வாரம் எல்லாவற்றையும் வாயில் வைப்பதற்கு முன்னால் எழுதுங்கள். உங்களைக் குற்றம் சாட்டச் சொல்லவில்லை, எங்கே போகிறது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

---

வேகம்:

எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். 25 எல்லாம் ஒரு டோஸா? எனக்குத் தெரிந்த ஒருவர் டி.எஸ்.ஹெச் 0.1-க்குப் போகிற அளவு ஏற்றிக்கொண்டார், கூடவே டி3 என்ற இன்னொரு தைராய்டு ஹார்மோன் மாத்திரை, மூன்று மாதத்தில் மளமளவென்று இறங்கிவிட்டார். டாக்டர்கள் எண்ணைப் பார்க்கிறார்களே தவிர ஆளைப் பார்ப்பதில்லை. தூறல், 100 கேளுங்கள். தராவிட்டால் வேறு டாக்டர்.

---

பொறுமைசாலி:

வேகம், ஆளைப் பார்க்க மாட்டேன் என்கிறார்கள் என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். மற்றதில் ஒரு வார்த்தைகூட ஒத்துப்போக முடியாது, இதைப் படித்து யாராவது செய்துவிடக் கூடாது என்பதற்காக அழுத்திச் சொல்கிறேன்.

டி.எஸ்.ஹெச் 0.1 என்றால் அந்த ஆளுக்கு இப்போது தைராய்டு அதிகம், மாத்திரையால் உண்டாக்கியது. அந்த நிலையில் இறங்கும் எடையில் தசையும் சேர்ந்து போகிறது. இதயம் தாளம் தப்பித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வர வாய்ப்பு கூடுகிறது, பக்கவாதத்துக்கு அது ஒரு வழி. எலும்பு தேய்கிறது, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இன்னும் மோசம். அமெரிக்காவில் லெவோதைராக்ஸின் (நாம் போடும் இதே தைராக்ஸின்தான்) காகிதத்திலேயே கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சடித்திருக்கிறார்கள், உடல் பருமனுக்கோ எடை குறைக்கவோ இதைத் தரக்கூடாது என்று. ஹார்மோன் இயல்பாக உள்ளவருக்கு வழக்கமான டோஸ் கொடுத்தால் எடை இறங்காது, அதற்கு மேல் ஏற்றினால் உயிருக்கு ஆபத்து. மாத்திரையை விட்டதும் எடையும் திரும்பி வரும்.

தைராய்டு சுரப்பியே இல்லாதவருக்கோ அது அறவே வேலை செய்யாதவருக்கோதான் முழு டோஸ், அது எடை ஒரு கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம். தூறலின் சுரப்பி பெரும்பாலும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. 3.1-ஐ 2-க்குக் கொண்டு வரலாமா என்று டாக்டரிடம் கேட்பதில் தவறே இல்லை, அசதி போகவில்லை என்றால் கேட்கத்தான் வேண்டும். ஆனால் எடைக்காக அல்ல.

சொல்லப்போனால் இந்த லேசான நிலைக்கு மாத்திரையே வேண்டுமா என்பதிலேயே மருத்துவர்கள் ஒரே கருத்தில் இல்லை. 2017-ல் 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரிடம் செய்த பெரிய ஆய்வில் மாத்திரை போட்டவர்களுக்கும் போலி மாத்திரை போட்டவர்களுக்கும் அசதியில் வித்தியாசம் தெரியவில்லை. 39 வயதுக்காரருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது, இருந்தாலும் மாத்திரைமேல் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்பதற்கு ஓர் அளவு கிடைக்கிறது.

---

தூறல்:

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. கேட்டதற்குப் பதில்: இரும்பு மாத்திரை ராத்திரிதான் போடுகிறேன், தைராக்ஸின் விடிகாலையில், அது சரியாக இருக்கிறது. பயோட்டின் உண்டு, முடிக்கான மாத்திரையில் 10 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது, ரத்தம் கொடுத்த அன்றும் போட்டிருந்தேன். அதை யாரும் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. ஆன்டி டி.பி.ஓ இருக்கிறது என்று பழைய அறிக்கையில் பார்த்தேன், அளவும் நன்றாகவே கூடுதல். கெட்ட கொலஸ்ட்ராலும் சற்று அதிகம்.

வேகம், உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் எனக்கு ஏற்கெனவே அவ்வப்போது படபடப்பு வரும், அந்த வழிக்குப் போக மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தூக்கம் சரியில்லை. 8 மணி நேரம் படுத்திருந்தாலும் எழும்போது அடித்துப் போட்ட மாதிரிதான் இருக்கிறது. குறட்டை விடுகிறேன் என்கிறார்கள். இதுவும் தைராய்டுதானா?

---

இரும்புக்குண்டு:

குறட்டை என்று எழுதியதைப் பார்த்ததும் உள்ளே வந்தேன். நான் உடற்பயிற்சி சொல்லித் தருகிறவன், தைராய்டு உள்ள பெண்கள் நிறையப் பேர் வருகிறார்கள், எல்லாப் பழியையும் அந்தச் சுரப்பிமேல் போட்டுவிட்டு மற்றதைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள்.

படுத்த நேரம் போதுமானதாக இருந்தும் அசதி, கூடவே குறட்டை, பருமன் என்றால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். பகல் அசதி, மறதி, எடை என்று தைராய்டின் அறிகுறிகளும் அதன் அறிகுறிகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும், அதனால்தான் தப்பித்துப் போகிறது. ராத்திரி மூச்சு நின்று திணறி எழுவதைப் பக்கத்தில் படுப்பவர் பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள், பார்த்திருந்தால் தாமதிக்காமல் தூக்கப் பரிசோதனை. தூக்கம் கெட்டால் பசி கூடும், இனிப்பும் எண்ணெயும் தேடும், அந்த உடம்பை வைத்துக்கொண்டு உணவுக் கட்டுப்பாடு செய்வது பெரிய சித்திரவதை. மாதவிடாய் ஒழுங்காக இல்லாவிட்டால் பி.சி.ஓ.எஸ் என்ற சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு பற்றிக் கேளுங்கள், ஸ்டீராய்டு அல்லது மனநலத்துக்கு ஏதாவது மருந்து எடுக்கிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், சில மருந்துகள் எடையை ஏற்றும். தானாக நிறுத்திவிடாதீர்கள்.

இனி எடை. நடை நல்லது, விடாதீர்கள், ஆனால் நடை மட்டும் போதாது. சாப்பாட்டை மட்டும் குறைத்து நடந்துகொண்டே இருந்தால் கொழுப்போடு தசையும் போகும், உடம்பும் சிறிதாகிறது, அதனால் நேற்று வரை எடையைக் குறைத்த அதே சாப்பாடு இன்று எடையைப் பிடித்து வைக்கும் அளவாகிவிடும். முள் நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான், தைராய்டு இல்லாதவர்களுக்கும் அப்படியே நிற்கும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் பளு தூக்கும் பயிற்சி செய்யுங்கள், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்குவது என்று ஆரம்பித்தால் போதும், சுலபமானதும் கொஞ்சம் கூட்ட வேண்டும். தைராய்டு குறைந்தவர்களுக்குத் தசைவலியும் பிடிப்பும் வருவது சகஜம், அதனால் முதல் மாதம் மெதுவாகவே போங்கள், வலி வந்ததும் இது எனக்கு ஒத்துவராது என்று விட்டுவிடுகிறவர்களே அதிகம்.

புரதத்தை ஒவ்வொரு வேளையிலும் வையுங்கள். எடை குறைக்கும்போது ஒரு கிலோ எடைக்கு 1.2 கிராம் வரை போகலாம், சிறுநீரகத்தில் பிரச்சினை இருந்தால் மட்டும் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். பசி அடங்குவதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை. கூடவே காய்கறி, நார்ச்சத்து, உங்கள் மலச்சிக்கலுக்கும் அதுதான்.

எவ்வளவு குறைக்கலாம் என்றால், ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. தினமும் 300 முதல் 500 குறைத்தால் மாதத்துக்கு ஒன்றிலிருந்து இரண்டு கிலோ. 39 வயதில் அது நல்ல வேகம். ஒரே நாளில் ஒன்றரைக் கிலோ ஏறினால் அது தண்ணீர், மாதவிடாய்க்கு முன்னால் பலருக்கு ஏறும், வாரச் சராசரியை மட்டும் பாருங்கள். இடுப்பை நாடாவால் அளந்து வையுங்கள், முள் நிற்கும்போதும் நாடா இறங்கும், பலருக்கு அதைப் பார்த்த அப்புறம்தான் தெம்பு வருகிறது.

---

மருந்துக்கடைக்காரன்:

தூறல், 10 மில்லிகிராம் பயோட்டின் என்பது மிக அதிகம், ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டியது சுமார் 30 மைக்ரோகிராம்தான். அதைப் போட்டுவிட்டுக் கொடுத்த ரத்தத்தில் வந்த 3.1 உண்மையில் கூடுதலாகவும் இருக்கலாம். ஆய்வகத்தின் முறையைப் பொறுத்தது, குறுக்கிடாமலும் இருந்திருக்கலாம். நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள், அதற்கு முன்னால் டோஸ் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை.

ஆன்டி டி.பி.ஓ இருக்கிறது என்றால் உங்கள் டாக்டர் மாத்திரை ஆரம்பித்ததில் நியாயம் இருக்கிறது. டி.எஸ்.ஹெச் ஏறி எதிர்ப்பொருளும் உள்ள பெண்களில் வருடத்துக்குச் சுமார் 4 சதவீதம் பேருக்கு முழுக் குறைபாடாக மாறுகிறது என்பது இங்கிலாந்தில் ஒரு பகுதி மக்களை 20 வருடம் பின்தொடர்ந்து பார்த்த கணக்கு. மாத்திரை போட்டாலும் போடாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு தடவையாவது பரிசோதனையை விடாதீர்கள். கர்ப்பத்துக்கு யோசனை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அப்போது கணக்கே வேறு, டோஸும் வேறு. உங்கள் படபடப்பையும் சொல்லுங்கள், அது இருக்கும்போது டோஸை யாரும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றக் கூடாது.

சாப்பாட்டுக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. முட்டைக்கோஸ், காலிஃபிளவர் சமைத்துச் சாப்பிடுங்கள், ஒன்றும் ஆகாது, பச்சையாகக் கிலோ கணக்கில் சாப்பிட்டால்தான் கவலை. சோயா உணவு தைராக்ஸின் உடம்பில் சேர்வதைக் குறைக்கும், அதனால் நேரத்தைத் தள்ளி வையுங்கள், நிறுத்த வேண்டாம். கோதுமையை விட வேண்டியது சீலியாக் நோய் (கோதுமையில் உள்ள குளூட்டனால் குடல் பாதிக்கப்படுவது) இருந்தால் மட்டும். ஹஷிமோட்டோ உள்ளவர்களுக்குச் சீலியாக் வர வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று அதிகம், வயிற்றுப் பிரச்சினையோ ரத்தசோகையோ இருந்தால் பரிசோதித்துக்கொள்ளலாம், ஆனால் கோதுமையை நிறுத்துவதற்கு முன்னால் பரிசோதிக்க வேண்டும், நிறுத்திய பிறகு பார்த்தால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும். அயோடின் சொட்டு, கடல்பாசி மாத்திரை இவற்றை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும், ஹஷிமோட்டோவில் அதிக அயோடின் சுரப்பியை இன்னும் முடக்கும்.

---

தூறல்:

முதல் தடவையாக எந்த வரிசையில் போக வேண்டும் என்று தெரிகிறது. பயோட்டினை இன்றே நிறுத்துகிறேன், ஒரு வாரம் கழித்துக் காலையில் ரத்தம், அதோடு இரும்புச்சத்தும் சர்க்கரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன். குறட்டையைப் பற்றி வீட்டில் கேட்டேன், சில நேரம் மூச்சு நின்ற மாதிரி இருக்கும், பயந்து தட்டி எழுப்பியிருக்கிறோம் என்கிறார்கள். இவ்வளவு நாள் யாரும் என்னிடம் சொல்லவில்லை.

ஒரே ஒரு கடைசிக் கேள்வி. எடைக்கு இப்போது போடுகிறார்களே ஊசி, அது தைராய்டு உள்ளவர்களுக்கு ஆகாதாமே?

---

மருந்துக்கடைக்காரன்:

செமாக்ளூடைட் வகையைக் கேட்கிறீர்கள். ஆகாது என்பது தைராய்டில் வரும் மெடுல்லரி என்ற ஒரு வகைப் புற்றுநோய் தனக்கோ குடும்பத்திலோ இருந்தவர்களுக்கும், எம்.இ.என் 2 என்ற பரம்பரை நோய் உள்ளவர்களுக்கும். ஹஷிமோட்டோ அந்தத் தடையில் வராது. 2021-ல் வந்த பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது, குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் பலருக்கு வந்தது. உங்களுக்கு மலச்சிக்கல் ஏற்கெனவே இருப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். ஊசியை நிறுத்தினால் குறைந்த எடையில் பெரும்பகுதி திரும்பி வரும் என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். எடை நன்றாக இறங்கினால் தைராக்ஸின் டோஸையும் மாற்ற வேண்டி வரலாம், அதனால் அந்தச் சமயத்தில் டி.எஸ்.ஹெச் அடிக்கடி பாருங்கள். ஆனால் தூக்கப் பரிசோதனையை முதலில் எடுங்கள், மூச்சு நிற்கிறது என்று வீட்டில் பார்த்திருக்கிறார்கள் என்றால் அதைத் தள்ளிப் போடக் கூடாது.